உழவு இயந்திரம் வாங்குமுன்
மீளக் குடியேறும் கமக்காரக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

ஐப்பசி மழை இறங்கத் தொடங்கியதும் சாம்பல்தீவிலிருந்து நிலாவெளி, குச்சவெளி, திரியாய் வரை ஒரே பேச்சுத்தான்: "உழவுக்கு மெசின் எப்ப வரும்?" பெரும்போக விதைப்புக்கு நமக்குக் கிடைப்பது சில கிழமைகள் மாத்திரமே. குளத்துத் தண்ணீர் உள்ளவர் சிறிது பொறுக்கலாம். வானம் பார்த்த வயல் வைத்திருப்பவர் பொறுக்க முடியாது. உழவு இரண்டு கிழமை பிந்தினால் பயிர் வெள்ளத்தில் அகப்படும், அல்லது கதிர் தள்ளும்போது தண்ணீரின்றி வாடும். இதனாலேயே பலரும் "நாமே ஒரு மெசின் வாங்கினால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்விதான். ஆனால் இது ஒரு குடும்பத்தின் பத்து வருட உழைப்பைத் தூக்கி நிறுத்தவும் கூடும், விழுத்தவும் கூடும். ஊருக்குத் திரும்பி வந்த குடும்பத்துக்கு வீடும் கிணறும் கட்டியபின் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் முற்பணமாகக் கொடுத்து, மிகுதிக்குக் கடன்பட்டு வாங்கிய இயந்திரம் உழவு நாளில் படுத்துவிட்டால், போவது இயந்திரம் மட்டுமல்ல; அந்தப் போகமும் போகிறது. ஆகவே எந்த இயந்திரத்தை, எப்போது, எப்படி வாங்குவது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

எருமையிலிருந்து இயந்திரத்துக்கு

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு காலத்தில் எருமைகளே சேறு மிதித்தன, சூடும் அடித்தன. போர் அந்தப் பட்டிகளைச் சிதறடித்தது. 1985இலும் 1990இலும் ஊரைவிட்டு ஓடியவர்கள் மாடுகளைக் கூடவே கொண்டுபோக முடியவில்லை. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோதும் அதுவே நடந்தது. சம்பூர் மக்களில் பலர் 2015இலும் 2016இலும்தான் தங்கள் காணிகளில் மீண்டும் கால் வைத்தார்கள். பட்டியை மீண்டும் பெருக்க வருடக்கணக்கு வேண்டும். மேய்ச்சல் தரையும் வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு இயந்திரம் இன்றி வேளாண்மை இல்லை என்றாகிவிட்டது.

நம் பகுதியில் ஓடுபவை இரண்டு வகை. ஒன்று, நாம் "லான்ட்மாஸ்டர்" என்று சொல்லும் இரு சக்கர உழவு இயந்திரம். லான்ட்மாஸ்டர் என்பது உண்மையில் ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் பெயர். பின்னர் ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த இரு சக்கர இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. மற்றது நான்கு சக்கர உழவு இயந்திரம். இதில் 1964இல் இங்கிலாந்தில் வெளிவந்த மெஸி பேர்குசன் 135ஐ அறியாத கமக்காரர் இல்லை. அதன் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய மெக்கானிக்குகள் நம்மிடையே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1960இல் மெஸி பேர்குசனுடன் கூட்டாகச் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே, மற்றும் மஹிந்திரா முதலான இந்திய இயந்திரங்களும், ஜப்பானியக் குபோட்டாவும் பின்னர் பரவின.

உழவு இயந்திரம் நமக்கு உழவுக் கருவி மாத்திரமல்ல. நெல் மூடை, விறகு, தண்ணீர்ப் பீப்பா, நோயாளி, கல்யாண வீட்டுச் சாமான் எல்லாம் அதன் பெட்டியில்தான் போயின. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை வன்னி மக்களின் உடைமைகளை இழுத்துச் சென்றவையும் பெரும்பாலும் இந்தப் பெட்டிகளே. அவற்றில் எத்தனையோ வழியில் கைவிடப்பட்டன. ஆகவே இயந்திரம் என்றவுடன் நம் மனத்தில் ஒரு பாதுகாப்பு உணர்வும் சேர்ந்தே வருகிறது. அந்த உணர்வு இயல்பானது. ஆனால் வாங்கும் முடிவை உணர்வின்மேல் அல்ல, கணக்கின்மேல் எடுக்க வேண்டும்.

முதற் கேள்வி: நமக்கு எவ்வளவு வேலை இருக்கிறது?

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் இயேசு படிப்பித்தார். நாமும் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து உட்காருவோம்.

இரு சக்கர இயந்திரத்தின் சுழல் கலப்பை 60 சென்ரி மீற்றர் அகலம் உழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2 கிலோ மீற்றர் நடந்தால் ஒரு மணித்தியாலத்தில் 1,200 சதுர மீற்றர் முடியும். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். திரும்புவதற்கும் மூலைகளுக்கும் போகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு ஏக்கருக்கு 4 முதல் 5 மணித்தியாலம் ஆகும். 5 ஏக்கர் வயலை இரண்டு சால் உழ 50 மணித்தியாலம். ஒரு நாளில் 7 மணித்தியாலம் உழைத்தால் ஒரு கிழமையில் முடிந்துவிடும்.

நான்கு சக்கர இயந்திரத்தில் ஒன்றரை மீற்றர் அகலமான சுழல் கலப்பை பூட்டி மணிக்கு 3 கிலோ மீற்றர் ஓடினால் மணித்தியாலத்துக்கு 4,500 சதுர மீற்றர் உழும். வரம்பும் வளைவும் போக நாளொன்றுக்கு 5 ஏக்கர் ஒரு சால் தாராளமாகப் போகலாம். 20 நாள் உழவுக் காலத்தில் இது 100 ஏக்கர் சால், அதாவது இரண்டு சால் வீதம் 50 ஏக்கர்.

இந்தக் கணக்கு ஒரு உண்மையைச் சொல்கிறது. இரண்டு, மூன்று, ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இரு சக்கர இயந்திரமே போதும். நான்கு சக்கர இயந்திரம் ஒரு குடும்பத்தின் சாமான் அல்ல. 15, 20 குடும்பங்களின் சாமான். தனி ஒருவர் அதை வாங்கினால் மற்றவர்களின் வயலையும் கூலிக்கு உழுதே ஆகவேண்டும். அப்போது அவர் கமக்காரர் மாத்திரமல்ல, வாடகைத் தொழில் செய்பவரும் ஆகிறார். அதற்கு ஆளும் நேரமும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மண்ணையும் பாருங்கள். கரையோர மணற்பாங்கான தோட்ட நிலத்துக்குப் பாரமான இயந்திரம் தேவையில்லை. ஆழச் சேறுள்ள பள்ள வயலில் நான்கு சக்கர இயந்திரம் புதையும். அங்கே இரும்புச் சில்லுப் பூட்டிய இரு சக்கர இயந்திரமே சுகமாக ஓடும். பல வருடம் தரிசாகக் கிடந்து இறுகிய நிலத்தை முதல் முறை உடைக்க மாத்திரம் நான்கு சக்கர இயந்திரத்தின் கொழுக் கலப்பை வேண்டும். அந்த ஒரு நாள் வேலைக்காக ஒன்றை வாங்க வேண்டியதில்லை, வாடகைக்குப் பிடிக்கலாம்.

இரண்டாம் கேள்வி: நின்றுபோனால் யார் ஓட்டிவைப்பார்?

நம்பகமான இயந்திரம் என்றால் பழுதே வராத இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று உலகில் இல்லை. உழவுக் கிழமையில் இன்று மாலை நின்றாலும் நாளை மாலைக்குள் மீண்டும் ஓடக்கூடியதே கமக்காரருக்கு நம்பகமான இயந்திரம். இதை அளக்க மூன்று விடயங்கள் உண்டு: உதிரிப்பாகம் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது, அதைப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார், அதே வகை இயந்திரம் ஊரில் இன்னும் எத்தனை பேரிடம் உண்டு.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நூறு வருடத்துக்கு முன்பே கமக்காரர் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். வில்மொட் குரோசியர் என்ற கமக்காரர் ஓர் உழவு இயந்திரம் வாங்கினார். பிரபலமான ஒரு மோட்டார் கம்பனியின் பெயரை அது தாங்கியிருந்தது. ஆனால் அந்தக் கம்பனிக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அது சரியாக ஓடவில்லை. அவர் சட்டசபை உறுப்பினரான பின் 1919இல் ஒரு சட்டம் வர உழைத்தார். மாநிலத்தில் விற்கும் ஒவ்வொரு வகை இயந்திரமும் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட வேண்டும். விற்கும் கம்பனி உதிரிப்பாகங்களையும் எட்டக்கூடிய தூரத்தில் வைத்திருக்க வேண்டும். சோதனைகள் 1920இல் தொடங்கின. இயந்திரத்தின் வலுவோடு உதிரிப்பாகத்தையும் சேர்த்தே சட்டம் கேட்டது என்பதைக் கவனியுங்கள். பெயரைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர் கண்டுகொண்ட ஞானம் அது.

நம் நாட்டில் மகா இலுப்பள்ளமவில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்திய இயந்திரங்களை மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலுள்ள அரசு நிறுவனம் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. புதிய வகை ஒன்றை விற்க வருபவரிடம் "சோதனை அறிக்கை இருக்கிறதா?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வாங்குமுன் திருகோணமலை நகரிலுள்ள உதிரிப்பாகக் கடைகளுக்கு ஒருமுறை போய் வாருங்கள். நீங்கள் நினைத்திருக்கும் வகையின் கிளட்ச் தட்டு, தண்ணீர்ப் பம்பு, ஹெட் கஸ்கற், டீசல் வடிகட்டி, முன்சில்லு பெயாரிங், சுழல் கலப்பைக் கத்தி ஆகிய ஆறையும் விலை கேளுங்கள். ஆறில் ஐந்து அங்கேயே இருந்தால் நல்லது. "கொழும்பிலிருந்து எடுத்துத் தரலாம்" என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அயலில் பத்துப் பேரிடம் உள்ள பழைய வகை, ஒருவரிடமும் இல்லாத புதிய வகையைவிடப் பெரும்பாலும் மேலானது. அவசரத்துக்கு அயலவரிடம் ஒரு பாகத்தை இரவல் வாங்கியாவது உழவை முடிக்கலாம்.

பாவித்த இயந்திரம் வாங்கும்போது

நம்மில் பெரும்பாலோர் புதிதாக வாங்குவதில்லை. பாவித்ததை வாங்குவதில் குறையொன்றும் இல்லை. பார்க்கத் தெரிய வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக்கை அல்ல, உங்களுக்குத் தெரிந்தவரை. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல. பின்வருவனவற்றை நீங்களும் நேரில் பாருங்கள்.

1. காலையில் முன்னறிவித்தல் இன்றிப் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஏற்கனவே சூடாக்கி வைத்திருந்தால் குளிர்ந்த எஞ்சினில் ஸ்டாட் வருவது கடினம் என்று பொருளாகலாம். மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.

2. புகையைப் பாருங்கள். வேலை ஏறும்போது சிறிது கரும்புகை வழமை. ஓயாமல் கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைப்பு, அல்லது டீசல் பம்பு, இன்ஜெக்ரர் கோளாறு. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

3. ஒயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டாட் செய்யுங்கள். தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட் கஸ்கற் போயிருக்கக்கூடும். சூடான எஞ்சினில் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம்.

4. நான்கு சக்கர இயந்திரமானால் கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்துங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் பொறுக்கலாம். உடனே இறங்கிவிட்டால் ஹைட்ரோலிக் உள்ளே தேய்ந்திருக்கிறது; அது செலவான வேலை.

5. எல்லாக் கியரிலும் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். கியர் தானாகக் கழன்று விழுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, இரண்டு பிரேக்கும் சமமாகப் பிடிக்கிறதா, ஸ்ரியரிங் எவ்வளவு ஆடுகிறது என்று கவனியுங்கள். இரு சக்கர இயந்திரமானால் இரு பக்கக் கிளட்சும் உடனே விடுகிறதா, பெல்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. இயந்திரம் இதுவரை என்ன வேலை செய்தது என்று விசாரியுங்கள். நம் கரையில் கரைவலை இழுக்கவும் உழவு இயந்திரங்களைப் பாவிக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் நின்ற இயந்திரத்தை மேலே பெயின்ற் அடித்துப் புதிதாகக் காட்டலாம். குனிந்து அடிப்பக்கத்தையும் அச்சையும் ஆணித் தலைகளையும் பாருங்கள். மணல் ஏற்றிய இயந்திரத்தில் கிளட்சும் பின்னச்சும் தேய்ந்திருக்கும்.

7. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் இரும்பில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா? இருந்தால் கடன் முடிந்த கடிதம் வேண்டும். இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் பதிவு வெவ்வேறு. அனுமதிப்பத்திரமின்றி மணல் ஏற்றிப் பொலிஸாரிடம் பிடிபட்டு, வழக்கு நடக்கும்போது பிணையில் எடுத்த இயந்திரங்களும் விற்பனைக்கு வருவதுண்டு. போர்க்காலத்தில் புத்தகம் தொலைந்துவிட்டது என்ற கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி எடுத்துத் தரும் பொறுப்பு விற்பவருடையது. அதுவரை காசு கைமாறக் கூடாது.

லோடரும் பெக்கோவும்

முன்னால் வாளி பூட்டிய லோடர் ஒன்று வேண்டும் என்று சில இளைஞர் விரும்புகிறார்கள். பெரிய பண்ணைகளில் எருவும் மண்ணும் நெல்லும் அள்ளத் தினமும் வேலை இருப்பதால் அங்கே அது பொருந்தும். நம் காணிகளில் வருடத்தில் சில நாள் வேலைதான். மேலும் ஒரு கன மீற்றர் ஈரமண் ஏறத்தாழ 2 தொன் வரை நிறை வரும். அதில் கால்வாசி வாளியில் இருந்தாலே அரைத் தொன் முன்னச்சின்மேல் தொங்குகிறது. பழைய சிறிய உழவு இயந்திரத்தின் முன்னச்சு இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பூட்டத்தான் வேண்டுமென்றால் பவர் ஸ்ரியரிங் உள்ளதாகவும், பின்னால் பாரம் கட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஓடும்போது வாளியை முழங்கால் உயரத்துக்குமேல் தூக்கக் கூடாது; தூக்கினால் சரிவில் கவிழும்.

பற்றை வெட்ட, வாய்க்கால் எடுக்க, குளக்கட்டு உயர்த்த மணித்தியாலக் கூலிக்குப் பெக்கோ பிடிப்பதே இலாபம். அதற்கு நான்கு புத்திமதிகள்.

முதலாவது, நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த காணி கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உரியவர்கள் உறுதிப்படுத்தியபின்னரே எந்த இயந்திரத்தையும் இறக்குங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். இரண்டாவது, பற்றைக்குள் கட்டில்லாத பழைய கிணறுகள் மூடுண்டு கிடக்கும். ஊரின் முதியவரை அழைத்துக் கிணறு இருந்த இடங்களில் கம்பு நாட்டுங்கள். மூன்றாவது, மேல்மண்ணை வழித்து ஓரத்தில் குவிக்க விடாதீர்கள். கரையோரத்தில் நல்ல மண் மேலே அரை அடிதான். அது போனால் மிஞ்சுவது வெறும் மணல். நான்காவது, முதல்நாளே கயிறு பிடித்து வேலையை அடையாளமிட்டு வையுங்கள். பெக்கோ வந்தபின் யோசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் காசு.

கடன் கணக்கு

இப்போது மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கீழே உள்ளவை சந்தை விலைகள் அல்ல; கணக்கு முறையைக் காட்டும் உதாரணம் மாத்திரம்.

9 இலட்சம் ரூபா லீசிங் எடுக்கிறோம். "வருடத்துக்கு 15 வீதம்தான், நாலு வருடம்" என்கிறார்கள். முழுத் தொகைக்கும் முழுக் காலத்துக்கும் வட்டி போட்டால் வருடம் 1,35,000. நாலு வருடத்துக்கு 5,40,000. மொத்தம் 14,40,000. மாதம் 30,000 வீதம் 48 தவணை. ஆனால் நாம் மாதாமாதம் முதலைத் திருப்பிக்கொண்டே வருகிறோம். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 25 வீதம். ஆகவே "எத்தனை வீதம்?" என்று மட்டும் கேளாதீர்கள். "மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வருடத்துக்குத் தவணை மாத்திரம் 3,60,000 ரூபா. டீசல், ஓட்டுநர் கூலி, பழுது எல்லாம் போக ஏக்கருக்கு 4,000 ரூபா மிஞ்சுமானால், தவணையை மாத்திரம் அடைக்க 90 ஏக்கர் உழ வேண்டும். அயலில் அவ்வளவு வயல் இருக்கிறதா? அங்கே ஏற்கனவே எத்தனை இயந்திரம் ஓடுகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

டீசலும் நம் கையில் இல்லை. 2021 முடிவில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 யூனில் 460 ஆனது. அதுவும் வரிசையில் நின்றால்தான். அந்த வருடம் இயந்திரம் முற்றத்தில் நின்றது, தவணை நிற்கவில்லை. கமக்காரருக்கு வருமானம் வருடத்தில் இரண்டு முறை. தவணையோ பன்னிரண்டு முறை. அறுவடைக்குப் பின் செலுத்தும் முறை உண்டா என்று வங்கியிலும் கூட்டுறவிலும் முதலில் கேளுங்கள். இரண்டு போகத் தவணை கையிருப்பில் இல்லாமல் கடன் எடுக்க வேண்டாம் என்பது எமது ஆலோசனை.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னுமொரு சொல். குச்சவெளிப் பிரதேசத்தில் பல வயல்கள் பற்றி வனத் திணைக்களத்துடனும் தொல்பொருள் திணைக்களத்துடனும் பிணக்குகள் இருந்து வருகின்றன. உறுதிப் பத்திரம் தொலைந்தவர்களும் நம்மில் உண்டு. காணி உங்கள் கையில் நிலைப்படுமுன் அந்தக் காணியை நம்பி இயந்திரக் கடன் எடுக்க வேண்டாம். முதலில் காணி, பிறகு கலப்பை. அதுவரை வாடகை உழவு அவமானமல்ல, விவேகம்.

சேர்ந்து வாங்கும் வழி

தனியாக முடியாததைச் சேர்ந்து செய்யலாம். போர் முடிந்தபின் இந்திய அரசு வட மாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களைக் கலப்பைகளோடு வழங்கியபோது, அவை கமநல சேவை நிலையங்கள் போன்ற பொது அமைப்புகளின் வழியாகவே மக்களைச் சென்றடைந்தன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் கமக்கார அமைப்புகள் பதிவு செய்துகொள்ளலாம். பதிவுள்ள அமைப்பின் பெயரில் இயந்திரத்தைச் சொந்தமாக்கினால் பின்னால் "யாருடையது?" என்ற சண்டை வராது.

ஆனால் பொதுச் சொத்து ஆளில்லாச் சொத்தாகிவிடும் என்ற பயமும் நியாயமானதே. அதற்கு மருந்து, இயந்திரம் வருமுன் எழுதப்படும் விதிகள்:

- ஓட்டுபவர் ஒருவர், மாற்றாள் ஒருவர். வேறு எவரும் சாவி தொடக் கூடாது.
- உழவு முறை சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். தலைவரின் வயலும் சீட்டில்தான்.
- அங்கத்தவரும் உழவுக் கூலி கட்ட வேண்டும். வெளியாரைவிடக் குறைவாக, ஆனால் இலவசமாக அல்ல.
- ஒவ்வொரு கூலியிலும் ஒரு பங்கு பழுதுபார்க்கும் நிதிக்கு வங்கியில் போடப்படும்.
- கணவனை இழந்த பெண்களின் வயலும், ஆளில்லாத வயோதிபரின் வயலும் முதல் மூன்று நாளுக்குள் உழப்படும்.
- ஒரு கொப்பியில் திகதி, மணித்தியாலம், டீசல், ஒயில், பழுது எல்லாம் எழுதப்படும். மாதம் ஒருமுறை கூட்டத்தில் வாசிக்கப்படும்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், இயந்திரம் மனிதனுக்குத் துணையாகவும் இருக்கலாம், சில வேளை எதிரிபோலவும் ஆகலாம் என்று எச்சரித்தார். எது நடக்கும் என்பது இரும்பில் இல்லை. அதைச் சூழ மனிதர் செய்துகொள்ளும் ஒழுங்கில் இருக்கிறது.

களப்போரத்தில் பராமரிப்பு

உப்புக் காற்றும் மணலும் நம் இயந்திரங்களின் இரண்டு எதிரிகள். களப்பு வழியாகவோ கடற்கரை வழியாகவோ போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, ஆணிகளுக்கும் மூட்டுகளுக்கும் கிறீஸ் இடுங்கள். ஒயில் நிரப்பிய காற்று வடிகட்டி உள்ளவர்கள் உழவு நாட்களில் தினமும் திறந்து பாருங்கள். அடியில் சேறு படிந்தால் ஒயிலை மாற்றுங்கள். மணல் ஒரு கரண்டி எஞ்சினுக்குள் போனால் பிஸ்ரனையும் சிலிண்டரையும் அரம்போல் அராவிவிடும்.

குளிரவைக்கும் தண்ணீரில் மிகக் கவனம் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப்போயின. உவர்த் தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றினால் உள்ளே துரு ஏறி உப்புப் படியும். பிறகு அது சூடாகி வெடிக்கும். மழைத் தண்ணீரை ஒரு கலனில் பிடித்து வையுங்கள். டீசலை ஓர் இரவு அசையாமல் வைத்துத் துணியில் வடித்து ஊற்றுங்கள். பீப்பாவின் அடியிலுள்ள தண்ணீர் இன்ஜெக்ரரைக் கெடுக்கும்.

உயிருக்கு மேலானது ஒன்றுமில்லை

சில்லுப் புதைந்தால் அதில் மரக்கட்டையைக் கட்டி எடுக்க முயலாதீர்கள். சில்லு சுழல முடியாதபோது இயந்திரமே பின்புறமாக எழுந்து ஓட்டுபவரின்மேல் விழும். பெட்டியையோ மரத்தையோ பின்னச்சுக்கு மேலே எங்கும் கட்டி இழுக்கக் கூடாது. கீழேயுள்ள இழுவைத் தண்டில்தான் பூட்ட வேண்டும். ஹரி பேர்குசன் என்பவர் கலப்பையை மூன்று இடங்களில் பூட்டும் முறையைப் பரப்பியதன் ஒரு பெரிய நன்மையே, கலப்பை எதிலாவது மாட்டினால் இயந்திரம் பின்னால் கவிழ்வதைக் குறைத்தமைதான்.

சுழலும் தண்டுக்கு உறை இல்லாமல் ஓட்ட வேண்டாம். சாரமும் சேலைத் தலைப்பும் அதில் ஒரு நொடியில் சுற்றிக்கொள்ளும். மட்காட்டில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இரு சக்கர இயந்திரம் ஓட்டுவோர் ஒன்றை மறக்கக் கூடாது: பள்ளத்தில் இறங்கும்போது பக்கக் கிளட்சைப் பிடித்தால் நினைத்த பக்கத்துக்கு எதிராகத் திரும்பும். பெட்டியோடு இறங்கும்போது இதனால் விபத்து நேரும். கைபிடியால் சுழற்றி ஸ்டாட் செய்பவர் பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். பின்னடித்தால் விரல் முறியாது.

முடிவாக

முதலில் காணி உறுதியா என்று பாருங்கள். பின் உங்கள் வேலையை ஏக்கரில் கணக்கிடுங்கள். இரு சக்கரம் போதுமென்றால் நான்கு சக்கரத்தை நாடாதீர்கள். நான்கு சக்கரம் வேண்டுமென்றால் தனியே வாங்காதீர்கள். பெயரையும் பெயின்றையும் அல்ல, உதிரிப்பாகக் கடையையும் மெக்கானிக்கின் வீட்டையும் பார்த்து வகையைத் தெரிவுசெய்யுங்கள். கடனின் மொத்தத் தொகையை அறிந்தபின் கையெழுத்திடுங்கள்.

இந்தக் கேள்விகளை உங்கள் கமக்கார அமைப்பின் அடுத்த கூட்டத்தில் வாசித்துப் பேசுங்கள். பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும். தவணைக் காசைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஆவணியில் இதைப் பேசி முடித்தால் ஐப்பசி மழைக்கு நாம் ஆயத்தமாக இருப்போம். நமது மண்ணுக்கு நாம் திரும்பி வந்தது மீண்டும் கடனால் அதை விட்டுப் போவதற்கல்ல.